மஞ்சள் வைத்த உறைகள் திறக்கப்படவில்லை

அனுப்புநர்
த. தேவிப்ரியா, பி.இ. (கணினி அறிவியல்), 2001–2005
த/பெ. கு. தணிகாசலம்
கதவு எண் 41, மூன்றாம் சந்து
சேவூர், ஆரணி வட்டம்

பெறுநர்
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்
பாலாறு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்

பொருள்: முத்திரையிட்ட மதிப்பெண் சான்று உறைகள் – என் தந்தையிடம் 23.11.2006 அன்று எழுதி வாங்கப்பட்ட வாக்குமூலத்தை விலக்கவும், புதிய உறைகளை 18.12.2006க்குள் வழங்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் விண்ணப்பம், நாள் 9.10.2006.
2. நான்காம் முகப்பில் தரப்பட்ட குறிப்பு, நாள் 29.11.2006.

மதிப்பிற்குரிய ஐயா,

1. உறைகள் திறக்கப்படவில்லை.

இந்த மனுவில் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான். இந்த ஒரு வரி உங்கள் கோப்பில் எப்படி நேர்மாறாக ஆனது என்பதே மீதி எல்லாம். சுருக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். சுருக்கியதால்தான் அந்த வாக்குமூலம் பொய்யானது என்பது நினைவுக்கு வந்தது. எனவே சற்று நீளும். பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. தங்கள் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் படித்து 2005இல் பட்டம் பெற்றேன். இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை. மனிதர் எங்கே தவறாக அழுத்துவார் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது என் வேலை. வாடிக்கையாளர் குறை சொன்னால், பார்த்துவிட்டு ‘பயனர் தவறு’ என்று குறிக்கலாம். குறித்தால் அந்தக் குறை மூடப்படும். ஒரு வருடம் அப்படி நிறைய மூடினேன். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். ஒரே பொத்தானுக்கு அறுபத்திரண்டு பயனர் தவறுகள்.

அதன் பிறகு அந்தச் சொல்லை என்னால் எழுத முடியவில்லை.

மனித–கணினி இடைவினை என்று ஒரு முதுகலைப் படிப்பு வெளிநாட்டில் இருக்கிறது. கருவியும் மனிதரும் சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கிறது, தவறினால் அது யாருடைய தவறு என்று கேட்கும் படிப்பு. மூன்று பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். மதிப்பெண் சான்றை நானே அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். தங்கள் அலுவலகம் உறையிலிட்டு, மடிப்பின் மேல் கையொப்பமும் வட்ட முத்திரையும் இட்டுத் தர வேண்டும். அது பிரிக்கப்படாமல் அவர்களிடம் போய்ச் சேர வேண்டும்.

3. 9.10.2006 அன்று மூன்று உறைகள் கேட்டு விண்ணப்பித்தேன். படிவத்தின் ஐந்தாம் கட்டம் நிரந்தர முகவரியை மட்டுமே கேட்கிறது. நான் இருப்பது மகளிர் விடுதி. அது நிரந்தரம் அல்ல. சேவூர் முகவரியை எழுதினேன். ஆகவே உறைகள் நான் இல்லாத வீட்டுக்கு வந்தன.

தீபாவளிக்கு வந்தபோதே பெரிய வெளி உறைகளில் முகவரி எழுதி வைத்துவிட்டுப் போனேன். பல்கலைக்கழக உறை வந்ததும் இதற்குள் போட்டு, ஆரணி பேருந்து நிலையம் எதிரில் உள்ள கூரியர் கடையில் கொடுத்துவிடும்படி என் தந்தையிடம் சொன்னேன். இரண்டை உடனே அனுப்ப வேண்டும், மூன்றாவதற்கு மார்ச் வரை நேரம் இருக்கிறது என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. மென்பொருளுக்குப் பக்கம் பக்கமாகக் கையேடு எழுதுகிறவள். வீட்டுக்கு நான்கு வரி எழுதத் தோன்றவில்லை. இது என் தவறு. பதிவு செய்கிறேன்.

4. 26.10.2006, வியாழன். உறைகள் பதிவுத் தபாலில் வந்தன. பின்பக்க மடிப்பில் சிவப்பு மையில் ஒரு வரி, ஆங்கிலத்தில் மட்டும். என் தந்தைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் சிவப்பு மை என்றால் எச்சரிக்கை என்று தெரியும். எதிர் வீட்டு சிவப்பிரகாசம் அவர்களிடம் எடுத்துப் போனார். அவர் ஆரணியில் ஒரு வழக்கறிஞரிடம் தட்டச்சராக இருக்கிறார். அவர் படித்துச் சொன்னது: “தொறந்தா செல்லாதாம், தணிகாசலம். ஜாக்கிரதை.”

என் தந்தை ஜாக்கிரதையாக இருந்தார். பிறகு நடந்தது எல்லாம் அதனால்தான்.

5. மறுநாள் வெள்ளிக்கிழமை. நல்ல காரியத்துக்குப் போகும் எதுவும் எங்கள் வீட்டிலிருந்து மஞ்சள் வைக்காமல் போவதில்லை. எங்களுடையது நெசவுக் குடும்பம். புதுப் பாவு பூட்டும் நாளில், அதாவது நீளவாட்டு இழைகளைத் தறியில் ஏற்றும் நாளில், தறிக்கு மஞ்சளும் குங்குமமும் வைப்போம். 2005இல் நான் வேலைக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் நான்கு மூலைக்கும் என் தந்தை வைத்தார். வேலை கிடைத்தது. அவர் தரப்பில் முன்னுதாரணம் இருக்கிறது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

உறையின் முன்பக்கத்தில் பல்கலைக்கழகச் சின்னம் அச்சாகியிருந்தது. அதைக் கறையாக்கக் கூடாது என்று பின்பக்கம் வைத்தார். பின்பக்கத்தில்தான் மடிப்பு இருக்கிறது.

மரியாதைக்காகப் பக்கம் மாற்றினார். அதுவே வினையானது.

6. குழைத்த மஞ்சள் ஈரம். அலுவலகக் கோந்து ஈரம் தாங்கவில்லை. மடிப்பின் இரண்டு மூலைகள் நகக்கண் அளவுக்குத் தூக்கின. நடுவில் இருந்த கையொப்பத்தின் ஓரத்தில் மை லேசாகக் கலைந்தது.

திறந்தால் செல்லாது என்று முந்தின நாள்தான் கேட்டிருக்கிறார். மூலை தூக்கியதைத் திறந்ததாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்துவிட்டார். என் தாயார் வடித்து வைத்திருந்த கஞ்சியை எடுத்து, விளக்குமாற்றுக் குச்சி நுனியால் தொட்டு, இரண்டு மூலையையும் ஒட்டினார். பாவை இழுத்துப் பிடிக்கும் மணல் பையை மேலே வைத்து அழுத்தினார். மூன்று உறைக்கும் அப்படியே.

ஐயா, அவர் முப்பத்து நான்கு வருடமாகப் பட்டு நெய்கிறார். இழை அறுந்தால், அறுந்த இடம் வாங்குகிறவர் கண்ணில் படாமல் இணைப்பது அந்த வேலையின் ஒரு பகுதி. முடிச்சுத் தெரிந்தால் புடவை திரும்பி வரும். உறையையும் அப்படித்தான் சரிசெய்தார். பார்த்தால் தெரியாது. அவ்வளவு சுத்தம்.

என் தாயார் ஜெயம் சொன்னதையும் சேர்க்கிறேன், சம்பவ இடத்தில் இருந்த ஒரே சாட்சி என்பதால்: “அறுந்தத பாத்தா கை சும்மா இருக்காது உங்கப்பாவுக்கு. கடுதாசியக்கூட உடல.”

7. இரண்டு உறைகள் சனிக்கிழமை கூரியரில் போயின. நவம்பர் 17இலும் 20இலும் இரண்டு பல்கலைக்கழகங்களிடமிருந்தும் மின்னஞ்சல் வந்தது. இரண்டும் மிகவும் பணிவானவை. மடிப்பின் மூலைகளில் வேறு பசை இருக்கிறது, மஞ்சள் நிறக் கறை இருக்கிறது, கையொப்ப மை கலைந்திருக்கிறது, ஆகவே அதிகாரபூர்வ சான்றாக ஏற்க இயலவில்லை. புதிய உறை முதல் பல்கலைக்கழகத்துக்கு ஜனவரி 5க்குள், இரண்டாவதற்கு ஜனவரி 15க்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் விண்ணப்பம் பரிசீலனைக்கு வராது.

ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். என் தந்தை எதையும் மறைக்கவில்லை. “ஆமா பாப்பா, நான்தான் ஒட்னேன். தெரியாத மாதிரிதான ஒட்னேன், எப்டிக் கண்டுபுட்சாங்க?” என்றார்.

அவருக்கு அதுதான் கவலை. வேலையில் எங்கே குறை வந்தது என்பது.

8. 23.11.2006 அன்று நான் விடுப்பு எடுத்து வந்தேன். நானும் என் தந்தையும் தங்கள் அலுவலகத்தின் நான்காம் முகப்புக்குப் போனோம். மாற்று உறை கோரும் படிவத்தில் ஒன்பதாம் கட்டம் காரணம் கேட்கிறது. மூன்று காரணங்கள் அச்சிடப்பட்டுள்ளன: தொலைந்தது, தீ அல்லது நீரால் சேதமானது, களவு போனது. ஒன்றுக்குத்தான் குறியிட முடியும். எங்களுக்கு நடந்தது அந்த மூன்றில் இல்லை.

முகப்பில் இருந்தவர் கெட்டவர் அல்ல. “தொலைஞ்சிடுச்சின்னு போடும்மா, ஜல்தியா முடியும்” என்று வழி சொன்னார். உறைகள் வந்து சேர்ந்தன என்று அந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் எழுதிய மின்னஞ்சல் என் கையில் இருந்தது. தொலையாத ஒன்றைத் தொலைந்தது என்று எழுத மாட்டேன் என்றேன். என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன்.

“கல்யாணப் பத்திரிகையாம்மா இது, மஞ்சள் தடவி அனுப்ப?” என்றார். வரிசையில் பின்னாலிருந்து ஒருவர், “பொண்ணு அமெரிக்கா போவுது, சீர்வரிசையும் சேத்து அனுப்பியிருக்கலாம்ல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் தந்தையும் சிரித்தார். பலர் சிரிக்கும் இடத்தில் சிரிக்காமல் நிற்பது மரியாதை இல்லை என்று நினைக்கிறவர். சிரித்துக்கொண்டே, எனக்கு உதவுவதாக நினைத்து, சொன்னார்: “தெரியாத மாதிரிதாங்க ஒட்னேன்.”

சிரிப்பு நின்றது.

9. மின்னஞ்சலின் நகல் கேட்டார்கள். வளாகத்துக்கு வெளியே உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மின்சாரம் இல்லை. காத்திருந்து எடுத்துக்கொண்டு வர நாற்பது நிமிடம் ஆனது. வந்தபோது என் தந்தை ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். தாளை எனக்குக் காட்டவில்லை. கோப்பில் சேர்ந்துவிட்டது என்றார்கள்.

பேருந்து ஆற்காடு தாண்டிய பிறகு என் தந்தை சொன்னார்: “ஒரு வார்த்த கூட இருந்துச்சு பாப்பா.”

என்ன வார்த்தை என்று கேட்டேன்.

“தொறந்துன்னு இருந்துச்சு. தொறக்கலீங்கன்னு சொன்னேன். இதுல கையெழுத்துப் போட்டாத்தான் பொண்ணுக்குப் புது உறைன்னாரு. பின்னால ஆளுங்க நின்னுகினு இருந்தாங்க. போவட்டும்னு போட்டுட்டேன்.”

‘உறைகளைத் திறந்து, யாருக்கும் தெரியாதபடி மீண்டும் ஒட்டினேன்.’ என் தந்தை வரி மாறாமல் சொன்னபடி, கோப்பில் இருப்பது இந்த வாக்கியம். என் தந்தைக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும். படித்துப் பார்த்துத்தான் போட்டார். பொய் என்று தெரிந்தே போட்டார். எனக்காக.

மற்ற எதையும் நான் பொறுத்துக்கொள்வேன். இதைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியாது.

10. கையெழுத்துப் போட்டதால் புது உறை வரவில்லை. நேர்மாறாக நடந்தது. 29.11.2006 அன்று தரப்பட்ட குறிப்பின்படி, உறை திறக்கப்பட்டதாக ஒப்புக்கொள்ளப்பட்டதால் விவகாரம் ஒழுங்கு விசாரணைக் குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. குழு அடுத்துக் கூடுவது பிப்ரவரியில். அதுவரை எனக்கு எந்தச் சான்றும் வழங்க இயலாது.

பிப்ரவரியில் குழு எங்களை நம்பினாலும் பெரிதாகப் பயனில்லை. இரண்டு பல்கலைக்கழகங்களின் கதவும் அதற்குள் அடைந்திருக்கும். மூன்றாவதற்கு மார்ச் வரை நேரம் உண்டு, ஆனால் அதற்குக் கொடுக்கவும் இப்போது என்னிடம் செல்லுபடியாகும் உறை இல்லை.

11. உறைகள் திறக்கப்படவில்லை என்பதற்கு ஆதாரம்.

முதலாவது, மூன்றாம் உறை. அனுப்பாமல் வீட்டில் இருந்தது. மற்ற இரண்டுக்கும் நடந்ததே இதற்கும் நடந்தது. அதே வெள்ளிக்கிழமை, அதே மஞ்சள், அதே கஞ்சி. இத்துடன் இணைத்துள்ளேன். நான் அதைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. தங்கள் வேதியியல் துறையில் யாரையாவது அழைத்து, மடிப்பின் ஓரம் நெடுக அயோடின் கரைசலைச் சொட்டச் சொல்லுங்கள். கஞ்சி பட்ட இடம் நீலமாகும். தங்கள் அலுவலகக் கோந்து ஆகாது. தங்கள் அலுவலகம் எனக்கு அனுப்பிய வேறொரு கடிதத்தின் உறையில் நானே செய்து பார்த்தேன், ஆகவில்லை. இந்த உறையில் இரண்டு மூலைகளில் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்கு, நீலம் வரும். மஞ்சளிலும் மாவுச்சத்து உண்டு, எனவே மூலையில் நிறம் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். நடுவில் வராது என்பதுதான் என் வாதம். நடுவில் இருப்பது தங்கள் கோந்து, தாங்கள் ஒட்டியது. அதைப் பிரிக்காமல் உள்ளே இருக்கும் தாளை யாராலும் எடுக்க முடியாது.

இரண்டாவது, சிவப்பிரகாசம் அவர்களின் கடிதம். உறையில் எழுதியிருந்ததை என் தந்தை கேட்டுத் தெரிந்துகொண்டார் என்று உறுதி கூறுகிறார். திறக்கப் போகிறவர் போய் அதைக் கேட்கமாட்டார்.

மூன்றாவது, என் தந்தைக்கு உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. என் எட்டுப் பருவ மதிப்பெண்களும் அவருக்கு மனப்பாடம். நான்காம் பருவத்தில் கணிதத்தில் ஐம்பத்தொன்று வாங்கியதை நானே மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. தாங்கள் விரும்பினால் அழைத்து, சான்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம்.

12. இனி எழுதுவதைத் தாங்கள் கேட்காமலே எழுதுகிறேன். மன்னிக்கவும்.

23.11.2006 அன்று நான் முகப்பின் எதிரில் இரண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தொரு பேர் வந்தார்கள். பத்தொன்பது பேர் படிவத்தைத் திருத்தி வரச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதில் பதினான்கு பேர் ஐந்தாம் கட்டத்தால் திரும்பினார்கள். செய்யாறிலிருந்து வந்த ஒரு பெண் மூன்றாம் முறையாகத் திரும்பினார். முகப்பில் இருந்தவர் ஒவ்வொருவரிடமும் அதே விளக்கத்தைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போயிருந்தார். அவர் பெயரை இந்த மனுவில் எழுதவில்லை. தெரியாமல் இல்லை. என் புகார் அவர் மேல் இல்லை. அந்தப் படிவத்தோடு ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் உட்கார்ந்தால் நானும் ஒரு வார்த்தையைக் கூடுதலாக எழுதியிருப்பேன்.

பதினான்கு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால், அங்கே ஒரு கல் கிடக்கிறது. எடுத்துப் போட ஒரு ஆள் போதும்.

இதைப் படிக்கத்தான் போக வேண்டும் என்கிறேன். இதைப் படிக்கத்தான் போக முடியாமல் இருக்கிறேன்.

13. ஆகவே நான் கோருவது:

அ) 23.11.2006 தேதியிட்ட வாக்குமூலத்தை விலக்கிவிட்டு, என் தந்தை தம் கையாலேயே எழுதி இத்துடன் இணைத்திருப்பதை அதன் இடத்தில் வைக்க வேண்டும். அது ஐந்து வரிதான். முழுவதும் தருகிறேன்: ‘உறை வந்தது. மஞ்சள் வைத்தேன். மூலை விட்டது, கஞ்சியால் ஒட்டினேன். திறக்கவில்லை. முன்பு திறந்தேன் என்று கையெழுத்துப் போட்டது பொய், என் மகளுக்காகப் போட்டேன், அதற்கு என்ன தண்டனையோ அதை எனக்குக் கொடுக்கவும்.’

கடைசி வரியை எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். மறுத்துவிட்டார். ஒரு வார்த்தை கூடினால் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது, இனி ஒரு வார்த்தையும் குறைக்க மாட்டேன் என்றார்.

ஆ) விசாரணைக் குழுவுக்கு அனுப்பியதைத் திரும்பப் பெற்று, மூன்று புதிய உறைகளை 18.12.2006க்குள் வழங்க வேண்டும்.

இ) ஒன்பதாம் கட்டத்தில் நான்காவதாக ‘பிற காரணம்’ என்று ஒரு வரியும், எழுத இடமும் சேர்க்க வேண்டும். ஐந்தாம் கட்டத்தில் ‘உறை அனுப்ப வேண்டிய முகவரி’ என்று தனியாகக் கேட்க வேண்டும். மடிப்பின் மேல் உள்ள சிவப்பு வரியைத் தமிழிலும் அச்சிட வேண்டும். மாதிரிப் படிவம் ஒன்றை நானே வரைந்து இணைத்துள்ளேன். எங்கள் சந்தில் பதினொரு பேரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேர் தவறினார்கள். அந்த இரண்டு இடத்தையும் திருத்திவிட்டேன்.

மூன்றாவது கோரிக்கையை ஏற்காவிட்டாலும் முதல் இரண்டையும் ஏற்க வேண்டும். முதலாவதை ஏற்காமல் இரண்டாவதை மட்டும் தந்தால் நான் பெற்றுக்கொள்ள மாட்டேன். திறந்தவர் மகள் என்று ஒரு கோப்பில் இருந்துகொண்டு நான் எங்கும் படிக்கப் போவதாக இல்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இன்று விடிந்ததும் முழு விவரத்தையும் எழுதிவிட்டேன். மஞ்சளைப் பற்றியும், கஞ்சியைப் பற்றியும்.

14. 11.12.2006 திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நானும் என் தந்தையும் தங்கள் அறை வாசலில் இருப்போம். அழைக்கும் வரை இருப்போம். அழைக்காவிட்டால் செவ்வாய்க்கிழமையும் வருவோம். இரண்டு வாரம் விடுப்பு எடுத்திருக்கிறேன்.

முத்திரை எதற்கு என்று என் தந்தையிடம் இப்போது முழுவதும் விளக்கியிருக்கிறேன். உறையின் மேல் ஒரு புள்ளிகூட வைக்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டார். ஒன்றே ஒன்று கேட்டார். முத்திரையிட்ட உறை ஒரு பெரிய வெளி உறைக்குள்தானே போகிறது, அது நாம் கடையில் வாங்கியதுதானே, அதன் மூலையில் வைக்கலாமா என்றார்.

தங்கள் விதிமுறைகளை இரண்டு முறை படித்தேன். வெளி உறையைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லை. வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

வெளி உறைகள் மூன்றும் முகவரி எழுதித் தயாராக இருக்கின்றன. உள்ளே வைக்க வேண்டியதைத் தாங்கள் தர வேண்டும்.

இடம்: சேவூர்
நாள்: 2.12.2006

உண்மையுடன்,
த. தேவிப்ரியா

இணைப்புகள்:
1. மூன்றாம் உறை, திறக்கப்படாதது.
2. இரு பல்கலைக்கழகங்களின் மின்னஞ்சல் நகல்கள்.
3. திரு. சிவப்பிரகாசம் அவர்களின் கடிதம்.
4. மாதிரிப் படிவம், திருத்தியது.
5. கு. தணிகாசலம் எழுதியது. அவர் கையெழுத்து. அவர் வார்த்தைகள்.